காத்திருப்பதால் யாருக்கு லாபம்?

2017 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸில் வெளியான ‘டார்க்’ தொடரை உருவாக்கியவர்கள் பாரன் போ ஓடர், யான்ட்யே ஃப்ரீசே என்ற இணையர். மூன்று சீசன்களில் சொல்லி முடிக்க எண்ணியிருந்த கதையை, 2020 ஜூனில், எண்ணியபடியே முடித்தார்கள். அதே இருவர் அதே நிறுவனத்துக்காக எடுத்த அடுத்த தொடர் ‘1899’. அதுவும் மூன்று சீசன்களுக்கான கதைதான். 2022 நவம்பர் 17 அன்று எட்டு எபிசோட்களுடன் வெளியானது. 2023 ஜனவரி 2 அன்று, இனி அது தொடராது என்று ஓடரே இன்ஸ்டாகிராமில் அறிவித்தார். வெளியாகி ஏழு வாரங்கள்கூட நிறைவடைந்திருக்கவில்லை.

எங்கள் வீட்டில் விரும்பிப் பார்த்த தொடர் அது. ஒரே கப்பலில் பயணம் செய்யும் பாத்திரங்கள் அவரவர் தாய்மொழியிலேயே பேசுவார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்து வளர்ந்த என் அக்கா மகள், பிரெஞ்சுத் தம்பதி பேசும் இடங்களில் துணையெழுத்தைப் பார்க்காமலேயே எங்களுக்குப் பொருள் சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசி எபிசோடின் கடைசி நிமிடங்களில் கதை முற்றிலும் வேறொரு தளத்துக்குத் தாவியது. தாவிய இடத்திலேயே நின்றும் போனது. “நல்லாதானே மாமா எடுத்திருந்தாங்க, நிறைய பேரும் பாத்தாங்க, அப்புறம் ஏன் நிறுத்திட்டாங்க?” என்று அவள் கேட்டாள்.

நியாயமான கேள்வி. ஆனால் அதை ரசனை பற்றிய கேள்வியாக எடுத்துக்கொண்டால் விடை கிடைப்பதில்லை என்பதே, இதைப் பற்றித் தொடர்ந்து படித்ததில் எனக்குப் பிடிபட்டது. நான் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பேருந்தில் போய்க் கணக்கெழுதிப் பிழைப்பவன். முதல் ஆண்டில் எடுப்பாக ஓடாத ஒரு தொடரை இன்னும் ஓர் ஆண்டு பொறுத்துப் பார்ப்பதால் லாபம் அடையக்கூடியவர் யார், முடிவெடுக்கும் அதிகாரம் அவர் கையில் இருக்கிறதா என்று பார்ப்பதே எனக்கு இயல்பாக வருகிறது. அப்படிப் பார்க்கத் தொடங்கியபின், விளங்காமல் கிடந்த பல தொடர்களின் கதி விளங்கியது.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்த ஏற்பாட்டிலிருந்து தொடங்குவது நல்லது. தொடரைத் தயாரிப்பது ஸ்டுடியோ. அதை ஒளிபரப்பும் நெட்வொர்க், எபிசோட் ஒன்றுக்கு இவ்வளவு என்று உரிமக் கட்டணம் கொடுக்கும். அந்தத் தொகை தயாரிப்புச் செலவை முழுதாக ஈடுகட்டாது. மீதியை ஸ்டுடியோ தன் கைப்பணத்திலிருந்து போடும். தெரிந்தே நட்டத்தில் எடுப்பதற்குக் காரணம், பிற்பாடு அந்தத் தொடரை ஊர் ஊராக இருக்கும் உள்ளூர் நிலையங்களுக்கு மறுஒளிபரப்புக்கு விற்றுப் பணம் பார்க்கலாம் என்ற நம்பிக்கை. உள்ளூர் நிலையங்களோ திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் ஒன்றாகப் போடுவதற்குத்தான் வாங்கும். அதற்குக் கையில் ஏறத்தாழ நூறு எபிசோட்களாவது இருக்க வேண்டும் என்பது தொழிலில் நிலைத்துவிட்ட கணக்கு. ஆண்டுக்கு 22 எபிசோட் வீதம் எடுத்தால் ஐந்தாவது ஆண்டில்தான் நூறு சேரும். ஆகவே ஒரே சீசனோடு நின்ற தொடருக்கு மறுவிற்பனைச் சந்தையில் பெரிய மதிப்பு கிடையாது. போட்ட பணம் போனதுதான்.

இப்போது பொறுத்துப் பார்ப்பதால் லாபம் யாருக்கு? ஸ்டுடியோவுக்கு. முடிவெடுப்பது யார்? நெட்வொர்க். நெட்வொர்க்கின் கையில் இருப்பது ஒரு வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்ற சரக்கு மட்டுமே. வியாழக்கிழமை இரவு எட்டு மணியை இந்தத் தொடருக்குக் கொடுத்தால் விளம்பரத்தில் எவ்வளவு வரும், வேறொன்றுக்குக் கொடுத்தால் எவ்வளவு வரும் என்பதைத்தான் அது பார்க்கும். அந்தக் கணக்கைப் பார்க்கவும் காலக்கெடு உண்டு. அடுத்த ஆண்டின் நிகழ்ச்சி நிரலை மே மாதத்தில் விளம்பரதாரர்கள் முன் வைத்தாக வேண்டும். நடிகர்களை அடுத்த ஆண்டுக்குத் தக்கவைத்துக்கொள்ளும் உரிமையும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஜூன் இறுதியோடு காலாவதியாகிவிடும். நின்று நிதானித்து முடிவெடுக்க இடமே இல்லை.

1994 ஆகஸ்டில் ஏபிசி நெட்வொர்க்கில் தொடங்கிய ‘மை சோ-கால்டு லைஃப்’, ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் மனத்தை அதுவரை தொலைக்காட்சியில் யாரும் காட்டியிராத நேர்மையோடு காட்டியது. அதற்குக் கிடைத்த நேரம் வியாழன் இரவு எட்டு மணி. எதிரே என்பிசியில் அந்த ஆண்டின் மிகப் பிரபலமான நகைச்சுவைத் தொடர்கள். 1995 ஜனவரியில் நாயகி கிளேர் டேன்ஸுக்கு கோல்டன் குளோப் விருது கிடைத்தது. அதே மாதம் பத்தொன்பதாவது எபிசோடோடு தொடர் முடிந்தது. 2002-இல் ஃபாக்ஸ் நெட்வொர்க்கில் வந்த ‘ஃபயர்ஃப்ளை’க்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. கதையைத் தொடங்கி வைப்பதற்காக எடுத்த இரண்டு மணி நேர முதல் எபிசோட் நெட்வொர்க்குக்குப் பிடிக்கவில்லை. அவசரமாக வேறொன்றை எழுதச் சொல்லி அதை முதலில் போட்டார்கள். எடுத்திருந்த 14 எபிசோட்களில் 11 மட்டும், அதுவும் வரிசை மாறி, வெள்ளிக்கிழமை இரவுகளில் வந்தன. யார் யார் என்று அறிமுகப்படுத்தும் அந்த முதல் எபிசோட், டிசம்பரில் தொடர் நிற்கப்போகும் வாரத்தில்தான் ஒளிபரப்பானது. பாத்திரங்களை அறிமுகம் செய்யாமலேயே கதையை நடத்திவிட்டு, பார்ப்பவர் குறைவு என்று நிறுத்துவது முறையா என்று எனக்கு இன்றும் ஆறவில்லை.

இவற்றுக்கு எதிரிடையான உதாரணம் ‘ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்’. 1981 ஜனவரியில் என்பிசியில் தொடங்கிய இந்தக் காவல்நிலைய நாடகம், முதல் சீசனில் பார்வையாளர் பட்டியலின் அடிவாரத்தில் கிடந்தது. எந்தக் கணக்குப்படியும் அது நின்றிருக்க வேண்டும். ஆனால் அன்று மூன்று பெரிய நெட்வொர்க்குகளில் மூன்றாவதாகத் தள்ளாடிக்கொண்டிருந்த என்பிசியிடம், அந்த இடத்தில் போடுவதற்கு வேறு நல்ல சரக்கு இல்லை. விமர்சகர்களின் பாராட்டு இருந்தது. படித்த, சம்பாதிக்கிற, விளம்பரதாரர்கள் தேடுகிற கூட்டம் சிறிய அளவிலாவது அதைப் பார்த்தது. இரண்டாவது சீசனுக்கு அனுமதி கொடுத்தார்கள். அந்த ஆண்டே எட்டு எம்மி விருதுகள் கிடைத்தன. தொடர் 1987 வரை 146 எபிசோட்கள் ஓடியது. அதே தொடர் முதலிடத்தில் இருந்த ஒரு நெட்வொர்க்கில் வந்திருந்தால் இவ்வளவு காலம் தாங்கியிருக்காது என்றே நினைக்கிறேன். நன்றாக இருந்தது என்பதோடு, அதை வைத்துக்கொள்வதால் என்பிசிக்கு இழப்பு இல்லை என்பதும் சேர்ந்துதான் அதைக் காப்பாற்றியது.

ஓடிடி தளங்கள் வந்தபோது இந்தக் கொடுமையெல்லாம் தீர்ந்துவிடும் என்று பலர் நம்பினார்கள். வியாழக்கிழமை எட்டு மணி என்ற நெருக்கடி கிடையாது, எதிர் நிகழ்ச்சி கிடையாது, விளம்பரம் தருபவரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் பழைய ஏற்பாட்டில் பொறுமையால் லாபம் அடைய ஸ்டுடியோ என்ற ஒருவராவது இருந்தார். நெட்ஃப்ளிக்ஸ் கொண்டுவந்த முறையில், தயாரிப்புச் செலவு முழுவதையும் அதற்கு மேல் ஒரு லாபத் தொகையையும் தளமே கொடுத்து, உலகம் முழுவதற்குமான உரிமையை எடுத்துக்கொள்கிறது. தயாரிப்பாளருக்கு நட்டம் இல்லை. நூறு எபிசோட் சேர்த்து விற்கும் கனவும் இல்லை. அத்தோடு, சீசன் ஏற ஏற ஒப்பந்தப்படி சம்பளங்களும் கொடுக்க வேண்டிய தொகையும் ஏறும். மூன்றாவது சீசன் முதல் சீசனைவிடச் செலவு அதிகம். ஆனால் முதல் இரண்டையும் பார்க்காத ஒருவர் மூன்றாவதற்காகப் புதிதாகச் சந்தா கட்டுவது அரிது. புதிய தொடர் ஒன்றைத் தொடங்கினால் புதிய சந்தாதாரர் வரக்கூடும். ஆகவே புதியதைத் தொடங்குவதில் தளத்துக்கு இருக்கும் ஆசை, பழையதை முடிப்பதில் இருப்பதில்லை.

தொடங்கியவர்களில் எத்தனை பேர் கடைசி எபிசோட் வரை வந்தார்கள் என்ற எண் அங்கே மிக முக்கியம். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை எத்தனை செலவு ஆனது என்பதோடு வைத்துப் பார்ப்பார்கள். 2023 ஜனவரியில் ப்ளூம்பெர்க் பேட்டியில் நெட்ஃப்ளிக்ஸின் இணைத் தலைமை அதிகாரி டெட் சரண்டோஸ், வெற்றி பெற்ற எந்தத் தொடரையும் தாங்கள் ஒருபோதும் நிறுத்தியதில்லை என்றும், நிறுத்தப்பட்டவற்றில் பல மிகப் பெரிய செலவில் மிகச் சிறிய கூட்டத்தோடு பேசியவை என்றும் சொன்னார். அந்தக் கணக்கை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எந்த எண்ணைத் தாண்டினால் வெற்றி என்பதை அவர்கள் முன்கூட்டி வெளியே சொல்வதில்லை. பார்ப்பவருக்கும் தெரியாது, படைப்பவருக்கும் பெரும்பாலும் தெரியாது.

‘டார்க்’ முடிந்ததற்கும் ‘1899’ முடியாமல் போனதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. ‘டார்க்’ நெட்ஃப்ளிக்ஸின் முதல் ஜெர்மன் மொழித் தொடர். ஜெர்மனியில் காலூன்ற வேண்டிய நேரம் அது. உலகம் முழுவதும் சந்தாதாரர் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்த காலமும்கூட. அந்த ஊர்க்காரர்கள் எடுத்த அந்த மொழிக் கதையை மூன்று சீசன்கள் நடத்தி முடிப்பதே நிறுவனத்துக்கு ஒரு முதலீடு. ‘1899’ வந்த 2022-இன் முதல் பாதியிலோ, பத்தாண்டுகளில் முதன்முறையாகச் சந்தாதாரர் எண்ணிக்கை இறங்கியது. முதல் காலாண்டில் சுமார் 2 லட்சம் பேர், அடுத்ததில் ஏறத்தாழ 10 லட்சம் பேர். செலவை இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று முதலீட்டாளர்கள் கழுத்தில் துண்டைப் போட்டார்கள். ‘1899’ எளிய செலவில் எடுத்ததும் அல்ல. பெர்லினை அடுத்த பாபெல்ஸ்பெர்கில், சுவர் முழுதும் எல்இடி திரைகள் கொண்ட புதிய படப்பிடிப்பு அரங்கில் எடுத்தார்கள். பல நாட்டுப் பட்டியல்களில் மேலே இருந்தும், மறைபொருளை அவிழ்க்காமல் நீட்டிய கதையைப் பலர் பாதியில் விட்டுவிட்டதாகவே பேசப்பட்டது. படைப்பாளிகள் அதே இருவர்தான். பொறுத்திருப்பதால் கிடைக்கும் லாபம் அந்த ஐந்தாண்டுகளுக்குள் கரைந்துவிட்டது.

எல்லாத் தொடரும் கணக்கினால் மட்டும் நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குதிரைப் பந்தயத்தைப் பற்றி எச்பிஓ எடுத்த ‘லக்’ தொடருக்கு இரண்டாவது சீசன் அறிவித்து, படப்பிடிப்பும் தொடங்கியபின், 2012 மார்ச்சில், படப்பிடிப்புக்காக வைத்திருந்த குதிரைகளில் மூன்றாவதும் இறந்த மறுநாளே நிறுத்தினார்கள். ‘தி சொசைட்டி’ தொடருக்கு 2019-இல் கொடுத்த அனுமதியை, 2020 ஆகஸ்டில் கொரோனாவைக் காரணம் காட்டி நெட்ஃப்ளிக்ஸ் திரும்பப் பெற்றது. பெருந்தொற்றுக் காலத்தில் படப்பிடிப்புச் செலவு கூடியதும் நாள்கள் நிச்சயமில்லாமல் போனதும் உண்மை. ஆனால் அப்போதும் எதைக் காத்திருந்து எடுப்பது, எதைக் கைவிடுவது என்று பொறுக்கியெடுக்கத்தான் செய்தார்கள்.

நம் பக்கம் வருவோம். சென்னைத் தூர்தர்ஷன் காலத்தில் தொடர் என்றால் 13 வாரம். வாரம் ஒன்று, 13 வாரத்தில் கதையை முடித்துவிட வேண்டும். நீட்டிப்புக் கிடைத்தால் அது வரம். 1990-களின் பிற்பகுதியில் நாகாவின் இயக்கத்தில் சன் டிவியில் வந்த ‘மர்ம தேச’த்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ‘ரகசியம்’, ‘விடாது கருப்பு’ என்று ஒவ்வொரு கதையும் அதனதன் அளவில் தொடங்கி, முடிச்சவிழ்ந்து, முடிந்தது. அடுத்தது வராமலே போயிருந்தாலும் பார்த்தவருக்குக் குறை இருந்திருக்காது. தினத்தொடர்கள் வந்தபின் சீசன் என்ற பேச்சே இல்லாமல் போயிற்று. ‘மெட்டி ஒலி’ 2002 முதல் 2005 வரை ஓடியது. ‘கோலங்கள்’ 2003-இல் தொடங்கி 2009 வரை 1,500 எபிசோட்களைத் தாண்டியது. அவற்றுக்குப் பக்கத்திலேயே, நூறு எபிசோட்களில் மூச்சடங்கிய தொடர்களும் ஏராளம். அவற்றின் கதி முடிவாவது பெரும்பாலும் ஒரே விதமாக நடக்கும்: இரவு எட்டு மணித் தொடர் ஒரு திங்கட்கிழமை பிற்பகலுக்கு மாறும், சில வாரங்களில் காணாமற்போன அண்ணன் திரும்பி வருவார், வில்லி மனம் திருந்துவாள், எல்லோரும் கோயிலில் நிற்பார்கள். அவசர முடிவுதான். இருந்தாலும் தினமும் வந்து உட்கார்ந்தவருக்கு ‘சுபம்’ என்று ஒரு வார்த்தையைச் சொல்லி அனுப்பும் மரியாதை அதில் இருக்கிறது. கோடிக்கணக்கில் செலவழித்த ‘1899’-இல் அது இல்லை.

இங்கேயும் பணம் போட்டவர் யார் என்பதே கதியை எழுதுகிறது. சில தொடர்களில் தயாரிப்பாளர் சேனலுக்குக் கட்டணம் செலுத்தி அரை மணி நேரத்தை வாங்கி, அதில் வரும் விளம்பர நொடிகளைத் தாமே விற்றுக்கொள்வார். வேறு சிலவற்றில் சேனலே எபிசோடுக்கு இவ்வளவு என்று கொடுத்து எடுக்கச் சொல்லும். முதல் முறையில் டிஆர்பி இறங்கினால் தயாரிப்பாளரின் கை சுடும். கடன் வாங்கியாவது சில வாரம் இழுத்துப் பார்ப்பார். இரண்டாவது முறையில் சேனல் ஒரு கடிதத்தில் முடித்துவிடலாம்.

அந்த டிஆர்பி எங்களைப் போன்றவர்களின் விருப்பத்தைச் சொல்கிறதா? திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவுக்கு இணைப்புக் கொடுக்கும் கேபிள்காரரிடம், எங்கள் தெருவே பார்த்த தொடரை ஏன் பிற்பகலுக்குத் தள்ளினார்கள் என்று கேட்டேன். “சார், நீங்க பாக்குறது நான் பாக்குறதெல்லாம் கணக்குல வராது. மீட்டர் எந்த வூட்ல இருக்கோ அந்த வூட்ல பாத்தாதான் கணக்கு. அது எந்த வூடுன்னு எனக்கே தெரியாது” என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை. 2015 முதல் கணக்கெடுக்கும் பார்க் (BARC) அமைப்பு, 2025 நிலவரப்படி நாடு முழுவதும் சுமார் 58,000 வீடுகளில்தான் மீட்டர் வைத்திருந்தது. தொலைக்காட்சி உள்ள வீடுகளோ 23 கோடி அளவில் இருந்தன. நாலாயிரம் வீடுகளுக்கு ஒரு வீடு பேசுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாடும் புதுச்சேரியும் அந்தப் பட்டியலில் ஒரே சந்தை. மாதிரி எடுத்துக் கணிப்பதில் தவறில்லை; எந்த நாட்டிலும் அப்படித்தான். யாரை மாதிரிக்குள் சேர்ப்பது என்பதில்தான் என் மனத்தாங்கல்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, பண்ருட்டிப் பக்கத்துக் கிராமங்களில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து வாரக்கணக்கில் இருட்டு. அங்கே இருந்த என் சித்திக்கு மின்சாரம் திரும்பியபோது, அவர் விடாமல் பார்த்துவந்த தொடர் முடிந்துபோயிருந்தது. இத்தனை ஊர்கள் இருண்டு கிடந்ததால்தான் பார்வையாளர் குறைந்து நிறுத்திவிட்டார்களோ என்று அவர் ஐயப்பட்டார். அந்த ஐயத்துக்கே இடமில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்நாளில் கணக்கெடுத்துவந்த டாம் நிறுவனத்தின் மீட்டர்கள் நகரங்களில் மட்டுமே இருந்தன. கிராமத்து வீடுகளையும் சேர்த்த கணக்கு பார்க் மூலம் 2015 அக்டோபரில்தான் முதலில் வெளிவந்தது. சித்தி ஆண்டுக்கணக்கில் பார்த்த எந்தத் தொடரின் எண்ணிலும் அவர் இருந்ததே இல்லை. புயல் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் அவர் இருட்டில்தான் இருந்தார். இன்றைக்கு அதே இடத்தில் இருப்பவர்கள், மாலை நேரத்து கடலூர்ப் பேருந்தில் ஜன்னலோரம் சாய்ந்துகொண்டு கைபேசியில் நேற்றைய எபிசோடைப் பார்த்துவரும் கடைப் பெண்கள். தொலைக்காட்சி மீட்டர் அவர்களைப் பார்ப்பதில்லை.

தமிழ் ஓடிடி தொடர்களில் நிறுத்தினோம் என்ற அறிவிப்புக்கூட வருவது அரிது. 2018 டிசம்பரில் பிரைம் வீடியோவில் வந்த ‘வெள்ள ராஜா’, 2019 டிசம்பரில் எம்எக்ஸ் பிளேயரில் வந்த ‘குயின்’ இரண்டும் முதல் சீசனோடு நிற்கின்றன. ‘சுழல்’ 2022-க்குப் பின் 2025-இல் இரண்டாவது சீசன் கண்டது. ஆனால் அதன் முதல் சீசன் எடுத்துக்கொண்ட குற்றத்தை அந்த எட்டு எபிசோட்களுக்குள்ளேயே தீர்த்துவைத்துவிட்டது. அடுத்தது வராமல் போயிருந்தாலும் அது முழுமையான கதைதான். இந்த ஒழுங்கை எழுத்தாளர்கள் கைக்கொள்ள வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மூன்றாவது சீசனுக்கென்று விடைகளை ஒளித்துவைப்பது, பொறுமைக்கு விலை இருந்த காலத்தில் செய்யக்கூடிய காரியம்.

ஏனென்றால் பார்ப்பவர்களும் மாறிவிட்டார்கள். ‘1899’-க்குப் பிறகு என் அக்கா மகள், முழுதாக முடிந்துவிட்டது என்று உறுதியாகத் தெரியாத எந்தத் தொடரையும் தொடங்குவதில்லை. அவள் தோழிகளும் அப்படித்தான். தளங்கள் முதல் சில வாரங்களின் எண்களை வைத்தே கதியை முடிவுசெய்கின்றன, நிறுத்திவிடுவார்களோ என்று அஞ்சி இவர்கள் அந்த வாரங்களில் பார்க்காமல் இருக்கிறார்கள், எண் இறங்குகிறது, நிறுத்திவிடுகிறார்கள். இந்தச் சுழலைத் தொடங்கியது தளங்கள்தான். ஆகவே அதை உடைக்க வேண்டிய பொறுப்பும் அவர்களுக்கே.

உடைக்க வழி இல்லாமலில்லை. 2007 மேயில் சிபிஎஸ் நெட்வொர்க் ‘ஜெரிக்கோ’வை ஒரே சீசனில் நிறுத்தியபோது, ரசிகர்கள் சுமார் 20 டன் வேர்க்கடலையை அந்த அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தார்கள். கடைசி எபிசோடில் நாயகன் சொல்லும் ‘நட்ஸ்’ என்ற சொல்லை ஒட்டிய போராட்டம் அது. நெட்வொர்க் இறங்கிவந்து ஏழு எபிசோட்கள் கொடுத்தது. எடுத்தவர்கள் புத்திசாலிகள், தொடர்ந்தால் ஒன்று, தொடராவிட்டால் ஒன்று என்று இரண்டு முடிவுகளை எடுத்து வைத்துக்கொண்டார்கள். தொடராது என்றானதும் இரண்டாவதைப் போட்டார்கள். இரண்டு சீசனோடு நின்ற ‘சென்ஸ்8’ தொடருக்கு, ரசிகர்களின் வற்புறுத்தலால் 2018 ஜூனில் நெட்ஃப்ளிக்ஸே இரண்டரை மணி நேர நிறைவு எபிசோட் ஒன்றை எடுத்துக் கொடுத்தது.

இதே ஏற்பாட்டை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். ஒரு சீசனுக்கு அனுமதி கொடுக்கும்போதே, தொடராவிட்டால் போடுவதற்கான ஒரு முடிவுக் காட்சிக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கட்டும். முதல் சீசனின் மொத்தச் செலவில் அது பெரிய பங்காக இருக்காது. அது முடியாதென்றால், தொடரின் பெயருக்குக் கீழே எத்தனை எபிசோட், எந்த வயதினருக்கு என்று போடுகிற இடத்தில், கதை நிறைவடைந்ததா, இல்லையா என்று ஒரு வரியும் போடட்டும். தமிழ்த் தொடர்களிலிருந்தே இதைத் தொடங்கலாம். எண்ணிக்கை இன்னும் குறைவாக இருப்பதால் ஒரு வாரத்து வேலைதான்.